தவளைப் பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளைகள்

பாலர் பள்ளி வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் நாலு நல்ல வார்த்தை சொல்லும்படி என்னை அழைத்திருக்கிறார்கள். நல்ல வார்த்தைக்கு நான் பொருத்தமான ஆள் இல்லை. இன்று காலையில் வந்ததும் உங்களில் ஒருவருடைய வகுப்பை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். யாருடையது என்று சொல்லப் போவதில்லை. ஐந்து வயதுப் பிள்ளைகள் இருபது பேர் பாயில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் கை கட்டியிருந்தார்கள். டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு படப் புத்தகத்தை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். படத்தில் ஒரு குரங்கு கிளைவிட்டுக் கிளை தாவியது. அதைப் பார்த்த ஒரு பிள்ளையின் தோள் லேசாக எழும்பியது. டீச்சர் பிரம்பால் மேசையைத் தட்டினார். தோள் இறங்கிவிட்டது.

உள்ளே வந்து அந்தப் புத்தகத்தைப் பிடுங்கிக்கொள்ளலாமா என்று நினைத்தேன். விருந்தாளியாக வந்த இடத்தில் அப்படிச் செய்யக் கூடாதென்று பேசாமல் இருந்தேன். ஆனால் அந்தக் கோபம் இன்னும் இறங்கவில்லை. அதோடுதான் பேசுகிறேன். அதில் கொஞ்சம்தான் உங்கள் மேல். மீதி யார் மேல் என்பது கேட்கக் கேட்கத் தெரியும்.

எனக்குப் பத்தொன்பது வயதில் பிரிக்பீல்ட்ஸில் முதல் வேலை கிடைத்தது. ரயில்வேக் குடியிருப்புக்குப் பின்னால் ஒரு பலகைக் கட்டடம். ரயில் போனால் கரும்பலகை ஆடும். எனக்குக் கொடுத்தது குழந்தை வகுப்பு. பிள்ளைகள் எல்லோரும் ரயில்வேயில் வேலை செய்பவர்களின் பிள்ளைகள். என் கையில் ஒரு படப் புத்தகம் இருந்தது. நான் படித்த பெண்கள் பள்ளியை விட்டுக் கிளம்பும்போது அங்கிருந்த வெள்ளைக்காரத் துரைசாணி ஒருவர் பரிசாகக் கொடுத்தது. பெரிய புத்தகம். பக்கத்துக்கு ஒரு மிருகம், அடியில் ஒரு வரி இங்கிலீஷ். யானை, கொக்கு, கரடி, ஆமை, தவளை. கரடியை எங்கள் பிள்ளைகள் யாரும் பார்த்ததில்லை. பெரிய நாய் என்றே கடைசி வரைக்கும் சொன்னார்கள்.

முதல் இரண்டு மாதம் நானும் இன்று காலை பார்த்த டீச்சரைப் போலத்தான் இருந்தேன். கை கட்டச் சொன்னேன். படத்தைக் காட்டி, பேரைச் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொன்னேன். பிள்ளைகள் சொன்னார்கள். அசையாமல் இருந்தார்கள். ஒழுங்கான வகுப்பு என்று தலைமையாசிரியர் மெச்சினார்.

பிறகு ஒரு நாள் காலையில் பெருமழை. பிள்ளைகள் நனைந்து வந்து பாயில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மாற்றுத் துணிக்கு வழியில்லை. வெளியே சாக்கடையில் தவளை கத்திக்கொண்டிருந்தது. நான் தவளைப் பக்கத்தை விரித்து, இது எப்படிப் போகும் என்று கேட்டேன். ராசு என்று ஒரு பையன். சேர்ந்த நாளிலிருந்து ஒரு வார்த்தை பேசாதவன். அவன் எழுந்து வந்து, குந்தி, இரண்டு கையையும் தரையில் ஊன்றி ஒரு குதி குதித்தான். அவன் பின்னால் இன்னொருத்தி. அப்புறம் வகுப்பே குதித்தது. எப்படி நிறுத்துவது என்று தெரியாமல் நான் பக்கத்தைத் திருப்பினேன். கொக்கு வந்தது. யாரும் சொல்லாமலே எல்லோரும் ஒற்றைக் காலில் நின்றுவிட்டார்கள். ஈரத் தலையோடு, மூச்சு வாங்க, சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றார்கள்.

அன்று நான் கற்றதை ஒரு வரியில் சொல்லிவிடலாம். பக்கத்தைத் திருப்புகிற கைதான் அந்த வகுப்பின் கடிவாளம். பிரம்பு வேண்டாம், அதட்டல் வேண்டாம். அடுத்து என்ன வரும் என்று பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும். திருப்பினால் உடம்பே மாறும். இதை யாரும் எனக்குக் கற்றுக் கொடுக்கவில்லை. ராசுதான் காட்டினான். அவனுக்கு நான் செய்த கைம்மாற்றைக் கேளுங்கள்.

மூன்று மாதம் கழித்துப் பள்ளிகளைப் பார்வையிட ஓர் அதிகாரி வந்தார். வகுப்பில் சர்க்கஸ் எதுவும் நடக்கக் கூடாது என்று முதல் நாளே தலைமையாசிரியர் சொல்லி வைத்திருந்தார். அதிகாரி சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார். பிள்ளைகள் அப்போது யானைப் பக்கத்தில் இருந்தார்கள். ஆளுக்கொரு கையைத் தும்பிக்கையாக்கி ஆடி ஆடி நடந்துகொண்டிருந்தார்கள். வாசலில் தலைமையாசிரியரின் முகத்தைப் பார்த்ததும் எல்லோரையும் உட்காரச் சொன்னேன்.

அதிகாரி கெட்ட மனிதர் இல்லை. புத்தகத்தை வாங்கி யானைப் படத்தைக் காட்டி, முன்னால் இருந்த ராசுவிடம் இது என்ன, என்ன செய்யும் என்று தமிழில் கேட்டார். ராசு என்னைப் பார்த்தான். அவனுடைய வலது கை மடியிலிருந்து மெல்ல எழும்பி முகத்துக்கு நேராக வந்துகொண்டிருந்தது. அதுதான் அவன் பதில். நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். கை இறங்கியது. அதிகாரி மறுபடியும் கேட்டார். ராசு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இவன் மந்தம் என்று தலைமையாசிரியர் இங்கிலீஷில் சொன்னார். அதிகாரி எதையோ எழுதிக்கொண்டார்.

பத்து நாளில் ராசுவின் அப்பா அவனைப் பள்ளியிலிருந்து நிறுத்திக்கொண்டார். ரயில் எஞ்சினுக்குக் கரி போடும் வேலை அவருக்கு. கை முழுக்கக் கரியோடு வாசலில் நின்று என்னிடம் சொன்னார்: “மந்தம்னு எழுதிட்டாங்களாம் டீச்சரம்மா. வீட்டுல நல்லாத்தான் பேசுறான்.”

நான் செய்ய வேண்டியிருந்தது மிகச் சின்னக் காரியம். தலையைக் குறுக்கே ஆட்டியதற்குப் பதிலாக மேலும் கீழும் ஆட்டியிருக்க வேண்டும், அவ்வளவுதான். அப்படிச் செய்திருந்தால் தலைமையாசிரியர் என்னைத் திட்டியிருப்பார். ஒரு திட்டுக்குப் பயந்து ஒரு பிள்ளையின் படிப்பை விட்டுக்கொடுத்தேன். அதற்கப்புறம் தலைமையாசிரியரோடு வாய்ச்சண்டை போட்டேன். யாருக்கு என்ன பயன்? பையன் போய்விட்டான். வருடக் கடைசியில் என்னையும் போகச் சொல்லிவிட்டார்கள்.

கிள்ளானைத் தாண்டி ஜெஞ்சாரோம் போகும் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கு ஆள் கேட்டிருந்தார்கள். அங்கே போனேன். ரப்பர் விலை தரைமட்டத்துக்கு விழுந்திருந்த காலம் அது. தோட்டத்தில் எதையெல்லாம் குறைக்கலாம் என்று பார்த்துப் பார்த்துக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். கொசு பெருகாமல் இருக்க ஓடைகளில் எண்ணெய் தெளிப்பார்கள். அதை நிறுத்தி நாளாகியிருந்தது. தண்ணீர் தேங்கிக் கிடந்தது. தொழிலாளர்கள் குடியிருந்த லயத்தில் காய்ச்சல் இல்லாத வீடு இல்லை. இதெல்லாம் என் கண் முன்னால் இருந்தது. எனக்கு என்ன வந்தது, நான் பாடம் சொல்ல வந்தவள் என்று இருந்தேன்.

பள்ளி என்பது அத்தாப்பு ஓலை வேய்ந்த ஒரு கொட்டகை. பக்கத்திலேயே ஆயக்கொட்டகை. தாய்மார்கள் விடியற்காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போய் அப்படியே ரப்பர் பால் எடுக்கப் பால்மரம் வெட்டப் போகும்போது கைக்குழந்தைகளை அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். வரிசையாகத் துணித் தொட்டில்கள் தொங்கும். அவற்றைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண். என்னைவிட ஒன்றிரண்டு வயது சின்னவளாக இருப்பாள். எல்லோரும் அவளை ஆயா என்று கூப்பிட்டார்கள். நானும் அப்படித்தான். இரண்டு கொட்டகைக்கும் நடுவில் இடுப்புயரப் பலகைத் தடுப்பு மட்டும்தான். இடுப்பில் ஒரு பிள்ளையோடு அந்தத் தடுப்பில் சாய்ந்து என் வகுப்பை வேடிக்கை பார்ப்பாள். என்னிடம் படிக்கிற பிள்ளைகள் எல்லோரும் அவள் தொட்டிலில் கிடந்து வளர்ந்தவர்கள்.

ராசு விஷயத்தில் பட்டது போதும் என்று, இங்கே முதல் நாளிலிருந்தே புத்தகத்தை விரித்து எல்லோரையும் எழுந்து ஆடவிட்டேன். தோட்டத்துப் பிள்ளைகள் யானையாக நடப்பதைப் பார்க்க வேண்டுமே. தரை அதிரும். கொக்குப் பக்கத்தில் ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னால் நான் பக்கம் திருப்பும் வரைக்கும் நிற்பார்கள். தவளைப் பக்கத்தில் மட்டும் ஒரு சங்கடம் இருந்தது. சில பிள்ளைகள் இரண்டு குதி குதித்துவிட்டு நின்றுவிடுவார்கள். சிலர் குதிக்கவே மாட்டார்கள். முதலில் விட்டுவிட்டேன். பிறகு எரிச்சல் வந்தது. குதிக்காதவர்கள் போய் நிற்க ஒரு மூலையைக் காட்டி அதற்குச் சோம்பேறி மூலை என்று பேர் வைத்தேன். மற்ற பிள்ளைகள் அந்தப் பேரைச் சொல்லிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அஞ்சலை என்று ஆறு வயதுப் பெண். கொக்காக நிற்பதில் அவளை யாரும் ஜெயிக்க முடியாது. ஆமையாக ஊர்ந்தால் கொட்டகையின் அந்தக் கோடி வரை போய் வருவாள். தவளை வந்ததும் தானாகவே போய் அந்த மூலையில் நின்றுகொள்வாள். ஒரு தடவைகூடக் குதித்ததில்லை.

அந்தச் சமயத்தில் தோட்டத்துத் துரை ஒரு நாள் குதிரையில் போகும்போது பிள்ளைகள் குதிப்பதைப் பார்த்துவிட்டார். அவருக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. வரும் ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகள் வருகிறார்கள், அவர்கள் முன்னால் இதைச் செய்துகாட்ட வேண்டும், தவளையைக் கடைசியில் வைக்க வேண்டும் என்று கிராணி மூலமாகச் சொல்லி அனுப்பினார். கிராணி என்றால் ஆபீஸில் கணக்கெழுதுகிறவர். துரைக்கும் எங்களுக்கும் நடுவில் எல்லாப் பேச்சும் அவர் வழியாகத்தான் நடக்கும்.

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. பிரிக்பீல்ட்ஸில் சர்க்கஸ் என்று ஏசினார்கள், இங்கே துரையே கேட்கிறார். அந்தத் தலைக்கனத்தோடு திங்கட்கிழமை வகுப்புக்குப் போனேன். எல்லோரும் ஒழுங்காகக் குதிக்க வேண்டும் என்றேன். அஞ்சலை வழக்கம்போல மூலைக்கு நடந்தாள். உனக்கு மட்டும் என்ன தனிச் சலுகை என்று கேட்டு, மணிக்கட்டைப் பிடித்து இழுத்துவந்து வரிசையில் நிறுத்தினேன். குந்தினாள். ஒரு குதி குதித்தாள். இன்னொன்று. மூன்றாவது குதியில் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தாள். சத்தமே வரவில்லை. உதடு வெளுத்துவிட்டது. இடது கை விலா எலும்புக்குக் கீழே அழுத்திக்கொண்டிருந்தது.

நான் அவளைத் தூக்கப் போனேன். ஆயா தடுப்பைத் தாண்டி ஓடி வந்தாள்.

“தூக்காதீங்க டீச்சரம்மா. அசைக்காதீங்க.”

பிள்ளையை நேராகப் படுக்கவைத்துத் தலைமாட்டில் உட்கார்ந்தாள். முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் திரும்பியது. அப்புறம் ஆயா என் கையைப் பிடித்து அஞ்சலையின் இடது விலாவுக்குக் கீழே வைத்தாள். தோலுக்கடியில் கெட்டியாக ஒரு விளிம்பு தட்டுப்பட்டது. ஸ்லேட்டை உள்ளே செருகி வைத்தது போல இருந்தது.

“காய்ச்சக் கட்டி. காய்ச்சல் வந்து வந்து இப்படிக் கெட்டியாயிடும். குதிச்சா வலிக்கும். பலமா அடி பட்டா உள்ளயே வெடிச்சுடும். போன வருசம் ஒரு புள்ள அப்படித்தான் போச்சு.”

மற்ற பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்து, “இவ ஒருத்திக்கு மட்டும் இல்ல,” என்றாள்.

அவள் ஒவ்வொருவராக விரலால் காட்டினாள். வயிற்றைத் தொட்டுப் பார்க்கவே இல்லை. அவளுக்கு மனப்பாடம். நான் சோம்பேறி மூலையில் நிறுத்திய அத்தனை பேரும் அதில் இருந்தார்கள். இரண்டு குதியோடு நின்றுவிடுகிறவர்களும் இருந்தார்கள். எண்ணிப் பார்த்தால் வகுப்பில் பாதிக்கு மேல். அந்தப் பிள்ளைகள் மாதக்கணக்காக என்னிடம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள். தவளைப் பக்கம் வந்தபோதெல்லாம் தங்கள் உடம்பால் சொன்னார்கள். நான் அதற்குக் கேலிப் பேர் வைத்தேன்.

தம்பி தங்கைகளே, இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். பிள்ளைகளை ஆடவைப்பதற்குப் படப் புத்தகம் நல்லது என்று இப்போது எல்லோரும் பேசுகிறார்கள். நல்லதுதான். ஆனால் ஆடுகிற பிள்ளையைப் பார்த்துப் பூரித்துப் போவது சுலபம். ஆடாத பிள்ளை மேல் உங்கள் கண் இருக்க வேண்டும். ஏன் ஆடவில்லை என்று அதட்டாமல் கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்தப் பிள்ளையைத் தெரிந்தவர்களிடம் கேளுங்கள். நான் கேட்கவில்லை. இடுப்புயரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் பதில் நின்றுகொண்டிருந்தது.

அன்றே கிராணியிடம் போனேன். வாரம் ஒரு முறை டிரெசர் வந்து பிள்ளைகளைப் பார்க்கிறார் என்றார். எனக்கும் அது தெரியும். ஆஸ்பத்திரியிலிருந்து வரும் அந்த மனிதர் எட்ட நின்று நாக்கை நீட்டச் சொல்லுவார். யாரையும் தொடமாட்டார். நோட்டில் எல்லோருக்கும் சுகம் என்று எழுதிவிட்டுத் துரை வீட்டுப் பக்கம் போய்விடுவார். அதைச் சொன்னேன். கிராணி பேனாவைக் கீழே வைக்காமலே, “டிரெசர் எழுதிட்டாரு. அதுக்கு மேல நீங்க என்ன டாக்டரா? ஞாயித்துக்கெழம வேலயப் பாருங்க,” என்றார்.

வகுப்பில் மட்டும் ஒரு வழி செய்தேன். கட்டி இருக்கிறவர்கள் தவளைப் பக்கம் வந்தால் உட்கார்ந்து கை தட்ட வேண்டும், மற்றவர்கள் குதிக்க வேண்டும் என்று சொன்னேன். ஆயா பக்கத்தில் நின்று யார் யார் என்று பிள்ளைகளுக்கே சொல்லிக் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை தவளைப் பக்கத்தைக் காட்டாமலே புத்தகத்தை மூடிவிடுவது என்று முடிவு செய்தேன். ஆனாலும் சனிக்கிழமை என்னிடமிருந்த சின்ன அகராதியை எடுத்து, அந்தக் கட்டிக்கு, அதாவது வீங்கிய மண்ணீரலுக்கு, இங்கிலீஷில் என்ன பேர் என்று தேடிப் பார்த்து வைத்துக்கொண்டேன். ஏன் பார்த்தேன் என்று அப்போது எனக்கே தெளிவாகத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் முன்னால் மரத்தடியில் நாற்காலி போட்டிருந்தார்கள். துரை, பக்கத்துத் தோட்டத்துத் துரைகள் இரண்டு பேர், கிள்ளானிலிருந்து வந்த ஒரு வெள்ளைக்கார டாக்டர். தேநீர் போய்க்கொண்டிருந்தது. லயத்து ஜனங்கள் பின்னால் கூட்டமாக நின்றார்கள். பிள்ளைகளுக்குத் துவைத்த துணி உடுத்தி எண்ணெய் வைத்துத் தலை சீவியிருந்தார்கள். யானை நடந்தது. கரடி நடந்தது. கொக்கு நின்றது. அஞ்சலை கடைசி வரைக்கும் நின்றாள். விருந்தாளிகள் கை தட்டினார்கள். ஆமை ஊர்ந்து முடிந்ததும் நான் புத்தகத்தை மூடினேன்.

துரை சிரித்துக்கொண்டே எதையோ சொன்னார். கிராணி என் பக்கத்தில் வந்தார்.

“தவளையக் காட்டுங்க. துரை கேக்குறாரு.”

பிள்ளைகளால் முடியாது என்று தணிந்த குரலில் சொன்னேன். ஒரு நிமிஷ வேலைக்கு ஏன் பிகு செய்கிறீர்கள் என்று கேட்டார். நான் அசையவில்லை. அவர் கையை நீட்டி என் மடியிலிருந்த புத்தகத்தை எடுத்து, தவளைப் பக்கத்தைப் பிரித்துப் பிள்ளைகளுக்கு நேராகப் பிடித்தார்.

பக்கம் திரும்பினால் உடம்பு மாறும்படி அந்தப் பிள்ளைகளைப் பழக்கி வைத்தவள் நான். கூட்டம், கை தட்டல், புதுத் துணி. உட்கார வேண்டும் என்று நான் சொல்லிக் கொடுத்து ஆறு நாள்தான் ஆகியிருந்தது. படத்தைப் பார்த்ததும் மொத்தப் பிள்ளைகளும் முழங்காலை மடக்கினார்கள். அஞ்சலையும் மடக்கினாள்.

நான் இருந்த இடத்திலிருந்தே கத்தினேன். “கட்டி இருக்கிறவங்க உட்காருங்க.”

உட்கார்ந்தார்கள். ஒவ்வொருவராகப் புல்லில் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்ததும் பழக்கத்தில் இடது கை விலாப் பக்கம் போயிற்று. முடிவில் குதிக்கத் தயாராக நின்றவர்கள் எட்டுப் பத்துப் பேர்தான். அவர்களும் என்ன செய்வதென்று தெரியாமல் குந்தியபடியே திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். கை தட்டல் நின்றுபோயிருந்தது.

ஏன் உட்கார்ந்துவிட்டார்கள் என்று துரை கேட்டார். பிள்ளைகள் களைத்துவிட்டார்கள் என்று கிராணி இங்கிலீஷில் சொன்னார். எனக்கு இங்கிலீஷ் புரியும் என்பது அவருக்கு மறந்துவிட்டது போலும். நான் எழுந்து நின்றேன். பீவர், ஸ்ப்ளீன் என்று இரண்டு வார்த்தையை இங்கிலீஷில் சொல்லி, உட்கார்ந்திருந்த பிள்ளைகளைக் கையால் காட்டினேன்.

டாக்டர் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து வந்தார். அஞ்சலைக்கு முன்னால் முழங்காலிட்டு வயிற்றில் கை வைத்தார். அப்புறம் பக்கத்துப் பிள்ளை. அப்புறம் அடுத்தது. உட்கார்ந்திருந்த ஒருவரையும் விடவில்லை. அவர் கடைசிப் பிள்ளைக்குப் போகும்வரை துரை நாற்காலியை விட்டு எழவில்லை. முகம் சிவந்து கிடந்தது.

எல்லோரையும் பார்த்து முடித்துவிட்டு டாக்டர் என்னிடம் வந்தார். இதை யார் கண்டுபிடித்தது என்று கேட்டார்.

நான் என்று சொன்னேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இத்தனை வருடமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆயா எனக்குப் பின்னால் நாலடி தூரத்தில், தோளில் ஒரு கைக்குழந்தையோடு நின்றுகொண்டிருந்தாள். திரும்பிக் கையைக் காட்டினால் போதும். ஆனால் பிரிக்பீல்ட்ஸில் ஏச்சு வாங்கியவளை ஒரு டாக்டர் எல்லோர் முன்னாலும் நின்று விசாரிக்கிறார். அந்த நேரத்தில் எனக்கு அது வேண்டியிருந்தது. நன்றாகச் செய்தீர்கள் என்று அவர் சொன்னதையும் வாங்கிக்கொண்டேன்.

அடுத்த வாரமே ஓடைகளில் எண்ணெய் தெளிக்க ஆட்கள் வந்தார்கள். தினமும் காலையில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக் காய்ச்சலுக்குக் கொயினா மருந்து கொடுத்தார்கள். மோசமாக இருந்தவர்களை லோரியில் ஏற்றிக் கிள்ளான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அஞ்சலையும் அதில் போனாள். சில வாரத்தில் கன்னத்தில் கொஞ்சம் சதையோடு திரும்பி வந்தாள். இதெல்லாம் நடந்தது. நான் மறுக்கவில்லை. இந்தக் கதையை இத்தோடு நிறுத்தினால் எனக்கு நீங்கள் மாலை போடுவீர்கள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு நாள் காலையில் ஆயக்கொட்டகையில் வேறொரு பெண் தொட்டில் ஆட்டிக்கொண்டிருந்தாள். விசாரித்தேன். இவ்வளவு நாள் இதை யாரும் ஏன் சொல்லவில்லை என்று டாக்டர் எழுதிக் கேட்டிருக்கிறார். துரை டிரெசரைக் கேட்டிருக்கிறார். பிள்ளைகளை நாள் முழுக்க வைத்திருப்பவள் ஆயா, அவள் தன்னிடம் மறைத்துவிட்டாள், வாரம் ஒரு நாள் வருகிற தனக்கு எப்படித் தெரியும் என்று டிரெசர் சொல்லியிருக்கிறார். அன்றே ஆயாவுக்கும் அவள் புருஷனுக்கும் சீட்டுக் கிழிந்தது. மத்தியானத்துக்குள் லயத்துக் காம்பரா வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள்.

ஆபீஸுக்கு ஓடினேன். அவள்தான் எனக்கே சொன்னாள், முதலில் கண்டவள் அவள்தான் என்று கிராணியிடம் சொன்னேன். அவர் என்னை நிதானமாகப் பார்த்தார்.

“டாக்டர் கேட்டப்ப நீங்கதான்னு சொன்னீங்களே. நான் பக்கத்துலதான நின்னேன்.”

துரை வரும்வரை வாசலிலேயே நின்று அவரிடமும் சொன்னேன். அந்த விஷயம் முடிந்துவிட்டது, நீங்கள் நல்ல டீச்சர், வகுப்புக்குப் போங்கள் என்றார். டிரெசருக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்த வாரமும் வந்தார். எட்ட நின்று நாக்கைப் பார்த்தார். நோட்டில் எழுதினார். அந்த நோட்டை அவர் கையிலிருந்து வாங்கிக் கிழித்துப் போட வேண்டும் என்று எனக்கு இன்றைக்கும் தோன்றுகிறது.

அன்று லயத்துக்குப் போனபோது ஆயா பாயைச் சுருட்டிக் கட்டிக்கொண்டிருந்தாள். புருஷன் சட்டி பானையைக் கோணியில் போட்டுக்கொண்டிருந்தான். என்னவெல்லாமோ சொல்ல வேண்டும் என்று போனேன். அவள் முடிச்சை இறுக்கிவிட்டு நிமிர்ந்தாள்.

“நாலு வருசமா அந்த டிரெசர்கிட்ட நான் சொல்லாத வாரம் இல்ல. அதை விடுங்க. அன்னைக்கு நான் உங்க பின்னாடிதான் நின்னேன் டீச்சரம்மா.”

அவ்வளவுதான் சொன்னாள். கத்தவில்லை. அழவில்லை. மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு புருஷன் பின்னால் நடந்து போனாள்.

பள்ளி விடுமுறை வந்ததும் அவளைத் தேடிக்கொண்டு கிளம்பினேன். சுற்றுவட்டத்துத் தோட்டம் ஏதாவதொன்றில் வேலைக்குச் சேர்ந்திருப்பாள் என்று நினைத்தேன். டெங்கில் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போய் அங்கிருந்த கங்காணியிடம் ஓர் ஆயாவைப் பார்க்க வேண்டும் என்றேன்.

“இங்க ஆயா இருக்கா. நீங்க தேடுறவ பேரு என்ன?”

நான் வாயைத் திறந்தேன். பேர் வரவில்லை. மறந்துபோய் வராமல் இல்லை. எனக்குத் தெரியாது. ஒன்றரை வருடம் பக்கத்துப் பக்கத்தில் வேலை செய்திருக்கிறோம். என் கையைப் பிடித்து அந்தக் கட்டியின் மேல் வைத்தவள். அவள் பேரை நான் கேட்டதே இல்லை. கங்காணி காத்திருந்தார். நான் திரும்பிவிட்டேன்.

தோட்டத்துக்கு வந்து அஞ்சலையைக் கேட்டேன். அவள் லயத்து வாசலில் கல்லாங்காய் விளையாடிக்கொண்டிருந்தாள். மேலே போட்ட கல்லிலிருந்து கண்ணை எடுக்காமலே, “காத்தாயி அக்கா,” என்றாள். ஏன் இதைக் கேட்கிறீர்கள் என்பது போல இருந்தது. என் வகுப்பில் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது தெரிந்திருந்தது.

அந்தப் பேரை வைத்துக்கொண்டு அடுத்த இரண்டு வருட விடுமுறையிலும் தேடினேன். காஜாங் வரைக்கும் போனேன். காத்தாயி என்ற பேரில் நிறையப் பேர் இருந்தார்கள். அவள் இல்லை. வேலை இல்லாமல் ஜனங்கள் கூட்டம் கூட்டமாக ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த காலம். கப்பலேறியிருப்பாள் என்று சொன்னார்கள். இருக்கலாம்.

உங்கள் பள்ளியைப் பெருக்குகிற பெண்ணின் பேர் உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? பிள்ளைகளுக்குப் பால் கலக்கிக் கொடுப்பவளின் பேர்? கையைத் தூக்கச் சொல்ல மாட்டேன். பார்க்க எனக்குத் தெம்பில்லை. அந்தப் பிள்ளைகளுக்குக் கட்டி இருந்ததை யார் கண்டுபிடித்தது என்று டாக்டர் அன்று கேட்டார். காத்தாயி கண்டுபிடித்தாள்.